சுழலும் கம்பைப் பிடிக்க ஒரு கைப்பை கேமரா

கேட்டவர் ஒரு தாய். கேள்வியின் சுருக்கம்: “அண்ணா, மகளுக்கு ஒன்பது வயது, சிலம்பம் கற்றுக்கொள்கிறாள். போனில் எடுத்தால், கம்பு மேலே போகும்போது அழுத்தினால் கீழே வந்த பிறகுதான் படம் விழுகிறது. விழுந்ததும் மங்கல். சில படங்களில் கம்பே வில் மாதிரி வளைந்து நிற்கிறது. கைப்பையில் போடுகிற அளவில், டக்கென்று எடுக்கிற சின்ன கேமரா எது? பழையது வாங்கலாமா? போனே போதும் என்கிறார் வீட்டுக்காரர்.”

அம்மணி, தாமதம், மங்கல், வளைவு என்று மூன்று குறை சொல்லியிருக்கிறீர்கள். மூன்றுக்கும் காரணம் வேறு வேறு. கடையில் போய் ‘ஸ்பீடான கேமரா’ என்று கேட்டால் நொடிக்கு எத்தனை படம் எடுக்கும் என்ற எண்ணைக் காட்டி ஒன்றைக் கையில் கொடுத்துவிடுவார்கள். அந்த எண் இந்த மூன்றில் ஒன்றைக்கூட நேராகத் தீர்க்காது. அதனால் மாடல் பெயருக்கு முன்னால் கொஞ்சம் கணக்குப் போட்டுவிடுவோம்.

கம்பு நொடிக்கு இரண்டு சுற்று சுற்றுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கைப்பிடியிலிருந்து நுனி வரை 70 செ.மீ. அப்படியானால் நுனி ஒரு நொடியில் ஓடும் தூரம் சுமார் 9 மீட்டர். நீங்கள் கண்ணால் பார்த்ததற்கும் படம் பதிவானதற்கும் இடையே 0.3 நொடி போனால், கம்பு அரைச் சுற்றுக்கும் மேலே திரும்பிவிடும். மேலே பார்த்து அழுத்தினால் கீழே இருப்பது படமாக வருவது இதனால்தான். இந்த 0.3ல் கேமராவின் பங்கு பாதிகூட இருக்காது. கண்ணால் பார்த்து விரல் அசைவதற்கே நமக்கு ஏறக்குறைய 0.2 நொடி ஆகும். எந்த விலை கொடுத்தாலும் அதைக் குறைக்கும் கேமரா கிடையாது. பார்த்து அழுத்தினால் எப்போதும் தாமதம்தான்; கம்பு வரப்போகிற இடத்தை எதிர்பார்த்து அழுத்த வேண்டும். தாளம் தெரிந்தவர்களுக்கு இது சீக்கிரம் பிடிபடும். மகளின் அடி உங்களுக்கு மனப்பாடம் என்றால் பாதி வேலை முடிந்தது.

மீதிப் பாதி கேமராவுடையது. இதில் பல துண்டுகள் உண்டு: பையிலிருந்து எடுப்பது, ஆன் ஆவது, ஃபோகஸ் பிடிப்பது, ஷட்டர் திறப்பது, படத்தைக் கார்டில் எழுதிவிட்டு அடுத்ததற்குத் தயாராவது. இவற்றில் மிகத் தாமதமான துண்டு எதுவோ அதுதான் உங்கள் கேமராவின் உண்மையான வேகம். நான் கல்யாண வீடுகளில் படம் எடுத்துப் பிழைத்தவன். டிஜிட்டல் வந்த புதிதில் ஒரு முகூர்த்தத்தில், மாப்பிள்ளையின் மாமா புதுசாக வாங்கிய குட்டி கேமராவோடு என் பக்கத்தில் நின்றார். கெட்டிமேளம் கொட்டியதும் அழுத்தினார். லென்ஸ் முன்னே பின்னே போய் ஃபோகஸ் தேடியது, சிவப்புக் கண் வராமலிருக்க ஃபிளாஷ் இரண்டு தடவை சிமிட்டியது, பிறகுதான் படம். அதில் தாலி கட்டி முடித்து, மாப்பிள்ளை கையைத் துடைத்துக்கொண்டிருந்தார்! ஷட்டர் பட்டனைப் பாதி அழுத்தி ஃபோகஸை முதலிலேயே பூட்டிவைத்து, ஃபிளாஷை நிறுத்தியிருந்தால் அதே கேமராவில் தாலி விழுந்திருக்கும்.

இனி உங்கள் போன். அதைக் குறை சொல்வதற்கு முன் ஒரு நியாயம். நல்ல வெளிச்சத்தில், கேமரா ஆப் ஏற்கெனவே திறந்திருந்தால், இன்றைய நல்ல போன்களின் தாமதம் பல கேமராக்களைவிடக் குறைவு. திரையில் ஓடும் படங்களைத் தொடர்ந்து நினைவில் பிடித்துவைத்துக்கொண்டே இருந்து, நீங்கள் தொட்ட கணத்துக்குரியதை எடுத்துக்கொடுக்கிற தந்திரம் அவற்றில் உண்டு. பூட்டைத் திறந்து ஆப்பைத் தேடும் நேரம்தான் வீண். பல ஆண்ட்ராய்டு போன்களில் பவர் பட்டனை இரண்டு முறை அழுத்தினால் கேமரா நேராகத் திறக்கும். இல்லையென்றால் செட்டிங்ஸில் போட்டுக்கொள்ளலாம். காசு செலவழிக்கும் முன் ஒரு வாரம் அதைப் பழகிப் பாருங்கள்.

ஆனால் உங்கள் மகளின் வகுப்பு பொழுது சாய்ந்த பிறகுதானே நடக்கும்? அங்கேதான் போன் தோற்கிறது. வெளிச்சம் குறைந்ததும் அது ஒவ்வொரு படத்துக்கும் நீண்ட நேரம் ஒளியை வாங்குகிறது, பல படங்களை அடுக்கி ஒன்றாக்குகிறது. அசையாத கோபுரத்துக்கு அது அருமை. கம்பு சுற்றும் பிள்ளைக்கு ஆகாது. நுனி நொடிக்கு 9 மீட்டர் ஓடினால், 1/30 நொடியில் 30 செ.மீ. நீளத்துக்குப் புகையாகத் தெரியும். 1/250ல் மூன்றரை செ.மீ. 1/1000ல் ஒரு செ.மீ.க்கும் கீழே. ‘கேமரா ஸ்லோ’ என்று என்னிடம் வருகிறவர்களில் பாதிப் பேரின் குறை தாமதமே இல்லை, இந்த மங்கல்தான். ஷட்டர் ஸ்பீடை நீங்களே வைக்க முடிகிற கேமரா வேண்டும்.

வளைவுதான் மூன்றிலும் சுவாரஸ்யமானது. போனில் திறந்து மூடும் ஷட்டர் கிடையாது. சென்சார், அதாவது ஒளியைப் படமாக்கும் சில்லு, மேலிருந்து கீழாக வரி வரியாகப் படிக்கப்படுகிறது. முதல் வரியைப் படிக்கும்போது கம்பு ஓரிடத்தில், கடைசி வரியைப் படிக்கும்போது இன்னோரிடத்தில். நேரான மூங்கில் படத்தில் வில்லாகிறது. ஓடும் பேருந்தின் ஜன்னலிலிருந்து எடுத்த மின்கம்பம் சாய்ந்து தெரிவதும் இதே கதை. லென்ஸுக்குள்ளேயே இதழ் இதழாக விரிந்து மூடும் ஷட்டர் உள்ள கேமராவில் சென்சார் முழுவதும் ஒரே நேரத்தில் ஒளியைப் பெறும்; கம்பு நேராகவே நிற்கும். இந்த இதழ் ஷட்டர் தரமான சின்ன கேமராக்களில் இருப்பது நமக்கு நல்ல வாய்ப்பு. மெனுவில் ‘மெக்கானிக்கல் ஷட்டர்’ என்று இருப்பதைத் தேர்ந்தெடுத்துவிடுங்கள், சத்தமில்லாத எலெக்ட்ரானிக் ஷட்டர் வேண்டாம். எல்இடி விளக்கின் கீழே எலெக்ட்ரானிக் ஷட்டரில் பட்டை பட்டையாக இருள் விழுகிற தொல்லையும் இதனால் பெரும்பாலும் ஒழியும்.

இப்போது எதை ஒதுக்கலாம் என்று பார்ப்போம். இணையத்தில் சில ஆயிரம் ரூபாய்க்கு, பெயர் தெரியாத கம்பெனி, ‘48 மெகாபிக்சல்’ என்று போட்டு விற்கிறார்களே, அந்தப் பக்கமே போகாதீர்கள். உள்ளே மலிவான போன் சென்சார். படத்தை ஊதிப் பெரிதாக்கி எண்ணைக் காட்டுவார்கள். 30 மடங்கு ஜூம் என்று வரும் கேமராக்களில் சென்சார் பெரும்பாலும் நகம் அளவுதான். பகலில் மயிலையும் கொக்கையும் எடுக்க நன்றாக இருக்கும், சாயங்காலம் உதவாது. இளைஞர்கள் இப்போது தேடி வாங்கும் இருபது வருடப் பழைய குட்டி கேமராக்களின் நிறத்துக்கு ஓர் அழகு இருப்பது உண்மைதான். வேகத்தில் அவை அந்த மாப்பிள்ளை மாமாவின் கேமராவுக்கு உறவு.

ஃபுஜிஃபிலிம் எக்ஸ் 100 வரிசையை யாராவது சொல்வார்கள். 2024ல் வந்த எக்ஸ் 100VI (ஆறாவது) அருமையான கேமரா, ஆனால் எடை 521 கிராம். அது கழுத்தில் தொங்கும் பொருள். கேனான் ஜி7 எக்ஸ் மார்க் 3, 2019ல் வந்தது. தன்னைத்தானே வீடியோ எடுப்பவர்களிடையே பரவி விலையும் ஏறிவிட்டது. முகம், சாப்பாடு, வீட்டு விசேஷம் எல்லாம் நன்றாக வரும். அதன் ஆட்டோஃபோகஸ் காண்ட்ராஸ்ட் முறையை மட்டுமே நம்பியது: லென்ஸை நகர்த்திப் பார்த்து, கூர்மை கூடுகிறதா குறைகிறதா என்று தேடித்தான் நிற்கும். ஃபேஸ் டிடெக்ஷன் (முகத்தைக் கண்டுபிடிக்கும் face அல்ல, phase) முறையில், எந்தப் பக்கம் எவ்வளவு நகர வேண்டும் என்பது முதலிலேயே தெரிந்துவிடும். நம்மை நோக்கி ஓடிவருகிற பிள்ளைக்கு இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் பளிச்சென்று தெரியும்.

ஆகவே மிஞ்சுவது இரண்டு குடும்பங்கள்: ரிக்கோ ஜிஆர், சோனி ஆர்எக்ஸ் 100.

ரிக்கோ ஜிஆர் 3 என் சொந்தக் காதல், முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். 2019ல் வந்தது. பேட்டரி, கார்டோடு 257 கிராம். ஜூம் கிடையாது, 28 மி.மீ. பார்வையில் ஒரே லென்ஸ் (மி.மீ. குறைந்தால் பார்வை அகலம், கூடினால் நெருக்கம்), எஃப் 2.8 (எஃப் எண் குறையக் குறைய லென்ஸ் அகலமாகத் திறந்து வெளிச்சம் கூடும்). சென்சார் பெரிய கேமராக்களில் உள்ள ஏபிஎஸ்-சி அளவு. ஆன் ஆக 0.8 நொடி என்கிறது ரிக்கோ. கையில் வைத்துப் பார்த்தால் எனக்கும் அப்படித்தான் படுகிறது: பையிலிருந்து வெளியே வரும்போதே கட்டைவிரலால்கூட ஆன் பண்ணிவிடலாம், முகத்துக்கு முன் வருவதற்குள் தயார். இதில் ‘ஸ்னாப் ஃபோகஸ்’ என்று ஒரு வசதி உண்டு. ஜிஆரின் உயிரே அதுதான். தூரத்தை முன்கூட்டியே குறித்துவைத்துவிடலாம் – ஒரு மீட்டர், ஒன்றரை, இரண்டு, இரண்டரை, ஐந்து என்று. பட்டனைப் பாதியில் நிறுத்தாமல் ஒரே அழுத்தாக அழுத்தினால் கேமரா எதையும் தேடாது, குறித்த தூரத்திலேயே படம் எடுத்துவிடும். எஃப் 8 வைத்து இரண்டரை மீட்டரில் விட்டால், ஒரு மீட்டர் சொச்சத்திலிருந்து கண்ணுக்கெட்டிய தூரம் வரை கூர்மையாக இருக்கும். வெயிலில் தெருவில் நடப்பவனுக்கு இதைவிட வேகமான ஆட்டோஃபோகஸ் இல்லை, ஏனென்றால் ஃபோகஸ் செய்யும் வேலையே இல்லை. ஜப்பானியப் புகைப்படக்காரர் தைதோ மொரியாமா பல்லாண்டுகளாக ரிக்கோவின் இந்தக் குட்டி வரிசையைக் கையில் வைத்துக்கொண்டு டோக்கியோ தெருக்களில் அலைந்ததை எல்லோரும் அறிவார்கள்.

ஆனால் உங்கள் வேலை டோக்கியோ தெரு இல்லையே. மங்கிய வெளிச்சத்தில் எஃப் 8 வைக்க முடியாது, எஃப் 2.8க்குத் திறந்து, ஒன்றரை மீட்டரில் ஸ்னாப் வைத்தால் கூர்மை 1.2 மீட்டருக்கும் 2 மீட்டருக்கும் நடுவில்தான். அந்த வெளிச்சத்தில் ஜிஆர் 3ன் ஆட்டோஃபோகஸும் தடுமாறும். அதைவிடப் பெரிய விஷயம், ஒன்றரை மீட்டரில் நின்று சிலம்பம் எடுத்தால் அடுத்த படம் ஆஸ்பத்திரியில்தான். ஆசான் உங்களை நான்கு மீட்டருக்கு அந்தப் பக்கம் நிற்கச் சொல்வார். அங்கிருந்து 28 மி.மீ. லென்ஸில் சட்டத்தின் உயரம் மூன்றரை மீட்டர். உங்கள் மகள் அதில் மூன்றில் ஒரு பங்குதான், மீதி எல்லாம் மைதானமும் வானமும். பிறகு வெட்டிக்கொள்ளலாம்தான், ஆனால் வெட்டி எறிவதற்கா அவ்வளவு பெரிய சென்சார்? 40 மி.மீ. பார்வையுள்ள ஜிஆர் 3எக்ஸ் 2021ல் வந்தது, உங்கள் தேவைக்கு அது கொஞ்சம் பக்கத்தில் வரும். 2025ல் வந்த ஜிஆர் 4 ஆன் ஆவதில் இன்னும் வேகம், உள்ளேயே 53 ஜிபி இடம். அறிமுக விலை 1,499 டாலர், பார்வை அதே 28தான்.

சோனிக்கு வருவோம். 2012ல் வந்த முதல் ஆர்எக்ஸ் 100 ஒரு அங்குல சென்சாரைச் சட்டைப்பைக்குள் கொண்டுவந்தது. அதையும் சேர்த்து இதுவரை ஏழு தலைமுறை. வேகம் என்று பார்த்தால் கோடு கிழிபடும் இடம் 2016ல் வந்த மார்க் 5. அதில்தான் ஃபேஸ் டிடெக்ஷன் ஃபோகஸ் வந்தது, 315 புள்ளிகளோடு. ஃபோகஸுக்கு 0.05 நொடி, நொடிக்கு 24 படம் என்று சோனி சொன்னது. 2018ல் அதையே சற்றுத் திருத்தி மார்க் 5ஏ என்று விட்டார்கள். மார்க் 3, 4 மலிவாகக் கிடைக்கும், படமும் அழகு. ஃபோகஸ் மட்டும் பழைய தேடும் முறை.

புதியதுதான் நல்லது என்று மார்க் 7க்குத் தாவாதீர்கள். 2019ல் வந்த அது 24 முதல் 200 மி.மீ. வரை போகும், பிள்ளையின் கண்ணைப் பிடித்துக்கொண்டு ஃபோகஸ் கூடவே வரும். வெயிலில் நடக்கும் பள்ளி விளையாட்டு விழாவுக்கு அதை மிஞ்ச இந்த அளவில் எதுவும் இல்லை. அந்த நீண்ட ஜூமுக்காக லென்ஸின் வாயைச் சுருக்கிவிட்டார்கள்: எஃப் 2.8ல் தொடங்கி 4.5ல் முடிகிறது. மார்க் 5ஏ 24 முதல் 70 வரைதான், ஆனால் எஃப் 1.8ல் தொடங்கி 2.8க்குள் நிற்கிறது. டியூப்லைட் வெளிச்சத்தில் இந்த இடைவெளி ஒரு ஸ்டாப்புக்கும் மேலே (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரு மடங்கு). 1/500 வைத்தால் மார்க் 5ஏ ஐஎஸ்ஓ (சென்சாரின் ஒளி உணர்வைக் கூட்டும் எண்; ஏற ஏறப் படம் கரகரப்பாகும்) 3200 கேட்குமிடத்தில் மார்க் 7 8000 கேட்கும். மணல் தூவியது போன்ற படத்துக்குக் கூடுதல் காசு எதற்கு?

‘ஜிஆர் சென்சார் மூன்று மடங்கு பெரியதாச்சே, இருட்டில் அதுதானே மேல்?’ என்று கேட்பவர்களுக்கு: சென்சாரில் கிடைக்கும் லாபத்தில் முக்கால்வாசியை சோனியின் எஃப் 1.8 அகலக் கோணத்தில் திருப்பிப் பிடித்துவிடுகிறது. ஜூமை நீட்டினால் ஜிஆர் முந்தும், ஆனால் நீட்ட ஜிஆரில் ஜூமே இல்லை. நான்கு மீட்டரில் 50 மி.மீ. வைத்தால் சட்டத்தின் உயரம் இரண்டு மீட்டருக்குச் சற்றே குறைவு. பிள்ளையும் தலைக்கு மேல் கம்பும் அளவாக உட்காரும்.

என் தீர்ப்பு: உங்களுக்கு மார்க் 5ஏ, கிடைக்காவிட்டால் மார்க் 5, பழையதாகவே வாங்குங்கள். சோனியில் எனக்குப் பிடிக்காதது ஒன்று. ஆன் செய்தால் லென்ஸ் நீண்டு தயாராக ஏறக்குறைய இரண்டு நொடி ஆகும். மகள் களத்தில் இறங்கும் முன்பே ஆன் செய்து, பவர் சேவ் நேரத்தை நீட்டிவைத்துக்கொள்ளுங்கள். அப்படிச் செய்தால் பேட்டரி சீக்கிரம் தீரும். ஒரு சார்ஜில் 220 படம் என்பதுதான் கணக்கே. இரண்டு பேட்டரி இல்லாமல் வெளியே கிளம்பாதீர்கள்.

பழையது வாங்கும்போது கூரியரில் வரவழைக்காமல் நேரில் போய்ப் பாருங்கள். பத்துத் தடவை ஆன், ஆஃப். லென்ஸ் ஒவ்வொரு முறையும் தயங்காமல், கரகரக்காமல் வந்து போக வேண்டும். கைப்பையின் பஞ்சும் தூசியும் இந்த மாதிரி நீளும் லென்ஸின் இடுக்கில்தான் புகும். வெள்ளைச் சுவரை எஃப் 11ல் எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள்; எல்லாப் படத்திலும் ஒரே இடத்தில் கரும்புள்ளி இருந்தால் சென்சாரில் தூசி, அதைத் துடைக்க கேமராவையே பிரிக்க வேண்டும். ஜிஆர் வாங்குகிறவர்களும் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். பேட்டரி உப்பியிருக்கிறதா, ஃபிளாஷும் வியூஃபைண்டரும் மேலெழும்பி ஒழுங்காக அமர்கிறதா என்பதும் முக்கியம்.

வேகத்தை அங்கேயே அளந்துவிடலாம். போனில் ஸ்டாப்வாட்ச் ஓடவிட்டு, கேமராவை அதன்மேல் பாதி அழுத்திப் பூட்டுங்கள். மூன்று, நான்கு என்று மனதுக்குள் தாளம் போட்டுக்கொண்டே வந்து, சரியாக ஐந்தில் அழுத்துங்கள். படத்தில் 5.06 என்று விழுந்தால் தாமதம் சுமார் 0.06 நொடி. பத்து முறை எடுத்துச் சராசரி பாருங்கள், ஏனென்றால் கையும் தாளமும் கொஞ்சம் முன்பின் ஆகும். பிறகு பாதி அழுத்தாமல் ஒரே அழுத்தாக அதையே செய்யுங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் ஃபோகஸ் தின்னும் நேரம். கடைக்காரர் ஒரு மாதிரி பார்ப்பார், பார்க்கட்டும்.

வீட்டுக்கு வந்ததும் செய்ய வேண்டியது: டயலை ‘எம்’ (மேனுவல்) என்ற எழுத்தில் வையுங்கள். எஃப் எண்ணை லென்ஸ் எவ்வளவு திறக்குமோ அவ்வளவு, ஷட்டர் 1/500, ஐஎஸ்ஓவை மட்டும் ஆட்டோவில் விட்டு உச்சவரம்பை 6400 என்று கட்டுங்கள். வெயில் இருந்தால் 1/1000. எடுத்த படத்தைத் திரையில் காட்டிக்கொண்டு நிற்கும் ‘ரிவ்யூ’வை அணைத்துவிடுங்கள், அடுத்த படத்தைத் தவறவிட வைப்பதே அதுதான். தொடர் படத்தை நடுத்தர வேகத்தில் வைத்து, அடி தொடங்கும் முன் அழுத்தி, முடிந்ததும் விடுங்கள். நொடிக்கு 24 என்று போனால் அன்று இரவு ஆயிரம் படத்தில் நல்லதைத் தேடியே கண் பூத்துவிடும். கார்டு நல்ல கம்பெனியில், ‘வி30’ என்று அச்சிட்டதாக, நம்பகமான கடையில் வாங்குங்கள். போலிக் கார்டுகள் நடமாட்டம் அதிகம். எழுதத் திணறும் கார்டு நல்ல கேமராவையும் ஆமையாக்கிவிடும்.

ஃபோகஸுக்கு இன்னொரு வழியும் சொல்கிறேன். சின்ன சென்சார் இங்கே நமக்குத் தோழன். ஆர்எக்ஸ் 100ஐ அகலக் கோணத்தில், எஃப் 4ல், மேனுவல் ஃபோகஸில் இரண்டு மீட்டருக்கு வைத்தால் ஒரு மீட்டரிலிருந்து கடைசிவரை ஏறக்குறைய எல்லாமே கூர்மை. பகலில், வீட்டு முற்றத்தில் பிள்ளைகள் ஓடி விளையாடும்போது ஃபோகஸை மறந்துவிட்டு எடுக்கலாம்.

வீட்டுக்காரர் சொன்னதையும் முழுதாகத் தள்ளிவிட வேண்டாம். போனில் நொடிக்கு 240 சட்டம் பிடிக்கும் ஸ்லோமோஷன் இருந்தால், அதை அவர் கையில் கொடுத்துப் பக்கவாட்டில் நிற்கச் சொல்லுங்கள். கம்பு கொஞ்சம் வளைந்து தெரிந்தாலும் பாதகமில்லை. எந்தக் கால் முதலில் பெயர்கிறது, மணிக்கட்டு எங்கே பிந்துகிறது என்பது அதில் தெளிவாகத் தெரியும். உங்கள் படத்தைவிட ஆசான் அதைத்தான் திரும்பத் திரும்பப் போடச் சொல்வார்.